கோட்டோவியத்துக்கான இலவச வெக்டர் மென்பொருள்கள்

வெக்டர் படத்தில் ஒரு கோடு என்பது கணக்குதான். இரண்டு நோடுகள் (முனைப் புள்ளிகள்), ஒவ்வொன்றிலிருந்தும் நீளும் ஒரு கைப்பிடி. இந்த நான்கு இடங்கள் தெரிந்தால் போதும். நடுவில் வளைவு எப்படிப் போக வேண்டும் என்பதைக் கணினி ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட்டு வரைந்துவிடும். ரெனோ நிறுவனத்தில் பியர் பெசியேவும் சித்ரோயன் நிறுவனத்தில் பால் த காஸ்தல்ஜோவும் கார் உடலின் வளைவுகளுக்காகத் தனித்தனியே கண்டடைந்த முறை இது. 1984இல் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி இதை அச்சுத் துறைக்குக் கொண்டுவந்தது. 1987இல் இல்லஸ்ட்ரேட்டர், 1989இல் கோரல்டிரா என்று அடுத்தடுத்து வந்த வரைகலை மென்பொருள்கள் இதன் மேலேயே எழுந்தன. எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் சிதையாது. வரைந்து பல மாதங்கள் கழிந்த பிறகும் கோட்டை வளைத்துத் திருத்தலாம். கோட்டோவியம் வரைபவர்கள் வெக்டரைத் தேடி வருவது இந்த இரண்டுக்காகத்தான்.

ஆனால் பெசியே வளைவுக்கு நீளம் உண்டு, திசை உண்டு, தடிமன் கிடையாது. தடிமன் பிறகு ஏற்றப்படுவது. சிக்குக் கோலம், நிறுவனச் சின்னம், தையல் மாதிரி, கருவி விளக்கப்படம் போன்றவற்றில் கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அகலம் என்பதால் இங்கே சிக்கல் எழுவதில்லை. மையில் தோய்த்த தூரிகையால் வரையும் முகமோ கூந்தலோ வேறு வகை. கோடு மெல்லியதாகத் தொடங்கி, வளைவில் பருத்து, நுனியில் கூர்ந்து மறையும். அந்த ஏற்ற இறக்கம்தான் படத்துக்கு உயிர். கையழுத்தம் மாறும் இடமெல்லாம் தடிமனும் மாறும் கோட்டை ஒரு மென்பொருள் எப்படித் தன்னுள் வைத்துக்கொள்கிறது என்பதை வைத்தே அது கோட்டோவியத்துக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்லிவிடலாம். விலை, தோற்றம், கருவிகளின் எண்ணிக்கை எல்லாம் அதற்குப் பிறகு.

வைத்துக்கொள்ளும் வழிகள் இரண்டு. ஒன்று, கோட்டின் நடுத்தடத்தைச் சேமித்து, அதன் நெடுக அங்கங்கே எவ்வளவு தடிமன் என்ற குறிப்பையும் உடன் வைப்பது. மற்றது, கோட்டின் இரு கரைகளையும் சுற்றி ஒரு மூடிய வடிவம் வரைந்து அதைக் கறுப்பால் நிரப்புவது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். திருத்தும்போதுதான் வேறுபாடு புலப்படும். முதல் வகையில் புருவத்தைச் சற்று மேலே தூக்க ஒரு நோடை இழுத்தால் போதும். இரண்டாம் வகையில் மேல்கரை, கீழ்கரை இரண்டையும் சேர்த்து நகர்த்த வேண்டும். ஒன்று பின்தங்கினால் புருவத்தில் வீக்கம் விழும்.

உலக வலைச் சங்கமான டபிள்யூ3சி 2001இல் முறைப்படுத்திய எஸ்விஜி கோப்பு வடிவமும் இந்த வேறுபாட்டைப் பெரிதாக்கிவிட்டது. எஸ்விஜியில் ஒரு பாதைக்கு ஒரே ஒரு தடிமன் மதிப்புதான் தர முடியும். மாறும் தடிமனுக்கான இடம் இன்றுவரை அந்தத் தரத்தில் சேரவில்லை. ஆகவே எஸ்விஜியை நம்பும் எந்த மென்பொருளும் தூரிகைக் கோட்டைக் கடைசியில் நிரப்பிய வடிவமாகத்தான் வெளியே அனுப்பியாக வேண்டும். உள்ளே எப்படி வைத்திருக்கிறது என்பதில்தான் தெரிவுக்கு இடம் இருக்கிறது.

இலவச வெக்டர் மென்பொருள் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது இங்க்ஸ்கேப். சோடிபோடி என்ற திட்டத்திலிருந்து 2003இல் பிரிந்து வளர்ந்தது. மூலநிரல் திறந்தது, ஜிபிஎல் உரிமத்தில் கிடைப்பது. பதினாறு ஆண்டுகளுக்கும் மேல் சுழியத்தில் தொடங்கும் எண்களிலேயே உழன்று, 2020 மே மாதம்தான் 1.0 என்ற எண்ணை எட்டியது. 2022இல் வந்த 1.2 பல பக்கங்களையும், 2023இல் வந்த 1.3 வெட்டும் வடிவங்களைத் தொட்டு இணைக்கும் ஷேப் பில்டர் கருவியையும் சேர்த்தன. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். எஸ்விஜியே இதன் தாய்மொழி.

இங்க்ஸ்கேப்பில் கையால் கோடு போட மூன்று கருவிகள். பென் கருவி நோடு நோடாகச் சொடுக்கி வளைப்பது. சீரான கோட்டுக்கு இதைவிடத் துல்லியம் வேறில்லை. கைப்பழக்கம் வேண்டும், பொறுமையும் வேண்டும். பென்சில் கருவி இழுத்த இழுப்பைப் பிடித்து வளைவாக்கும். இதன் பட்டையில் உள்ள மென்மை அளவைக் குறைவாக வைத்தால் ஒரு சிறு கண்ணிமைக்கே பல டஜன் நோடுகள் குவியும்; மிகுத்து வைத்தால் கை போட்ட கோடு ஒன்று, திரையில் வருவது வேறொன்று. நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, பிறகு கன்ட்ரோல்-எல் தட்டி நோடுகளைக் குறைப்பதே நடைமுறை. இதிலும் கவனம் வேண்டும்: அடுத்தடுத்து வேகமாகத் தட்டினால் ஒவ்வொரு தட்டுக்கும் மென்பொருள் இன்னும் கடுமையாகக் குறைக்கும். நான்கைந்து தட்டில் மூக்கு நுனி மழுங்கிவிடும். மூன்றாவதான கேலிகிராபி கருவி பேனா அழுத்தத்துக்கு ஏற்பத் தடித்தும் மெலிந்தும் வரையும். அதில் நிறை என்ற அளவைக் கூட்டினால் பேனா கனத்தோடு இழுபடுவதுபோல் மெதுவாகப் பின்தொடரும்; கை நடுக்கம் அடங்கும். ஆனால் இது தருவது நேராக நிரப்பிய வடிவம். வரைந்து முடித்ததும் நடுத்தடம் என்று ஒன்று அதில் இல்லை.

இதற்கு மாற்றாகத்தான் பவர்ஸ்ட்ரோக் என்ற பாதை விளைவு வந்தது. நடுத்தடம் அப்படியே இருக்கும். அதன் மேல் சில தடிமன் பிடிகள் நிற்கும். ஒரு பிடியை வெளியே இழுத்தால் கோடு அங்கே பருக்கும், உள்ளே தள்ளினால் மெலியும். 1.0 பதிப்பிலிருந்து பென்சில் கருவியில் அழுத்தப் பொத்தானை இயக்கினால் பேனா அழுத்தமே இந்தப் பிடிகளை இட்டுக்கொண்டு போகும். முடிந்த கோப்பை ஒரு எழுத்துத் திருத்தியில் திறந்து பார்த்தால் சூட்சுமம் விளங்கும். ஒரே பாதைக்கு இரண்டு விவரம் எழுதப்பட்டிருக்கும்: ஒன்று வரைந்தவரின் மூலத்தடம், இங்க்ஸ்கேப்புக்கு மட்டும் புரிவது, மற்றது அதிலிருந்து கணக்கிட்ட இரு கரை வடிவம், எல்லா மென்பொருளுக்கும் புரிவது. ஆகவே அதே கோப்பு வேறெங்கே திறந்தாலும் படம் சரியாகத் தெரியும், தடிமன் பிடிகள் மட்டும் காணாமற் போயிருக்கும். எஸ்விஜியின் குறையைச் சுற்றிக்கொண்டு போக இதைவிட நேர்மையான வழி இல்லை. குறையும் உண்டு: கூர்மையான திருப்பங்களில் கோடு சில நேரம் முடிச்சிட்டுக்கொள்ளும், பவர்ஸ்ட்ரோக் கோடுகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் சாதாரணக் கணினி திணறும்.

நிறம் நிரப்புவதில் இங்க்ஸ்கேப்புக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. அதன் வண்ண வாளி கோடுகளின் கணக்கைப் பார்ப்பதில்லை. திரையில் அந்த நேரம் தெரியும் காட்சியைப் புள்ளிப்படமாக எடுத்து, எல்லை எங்கே என்று கண்டு, அதை மறுபடி வெக்டராகத் தடம் எடுக்கும். அதனால் தூரத்திலிருந்து நிரப்பினால் ஓரம் கரடாகவும், பெரிதாக்கி நிரப்பினால் கோட்டோடு ஒட்டியும் வரும். கோடுகள் சரியாகச் சந்திக்காத இடத்தில் நிறம் ஒழுகாமலிருக்க இடைவெளியை அடைக்கும் தெரிவும், கோட்டுக்கடியில் நிறம் சற்றுப் புகும்படி பெருக்கும் அளவும் உண்டு. இரண்டையும் முதலிலேயே அமைத்துக்கொள்வது நல்லது.

கையால் இழுத்த அழுத்தக் கோட்டை வெக்டராகவே வைத்து, வெக்டராகவே திருத்தும் வசதி மிகவும் முதிர்ந்திருப்பது ஓவிய மென்பொருள்களில் அல்ல, அசைபட மென்பொருள்களில் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். காரணம் எளிது. அசைபடத்தில் ஒரே முகத்தை ஆயிரம் முறை சிறு மாற்றத்தோடு வரைய வேண்டியிருக்கிறது. கோட்டைத் திருத்த முடியாவிட்டால் தொழிலே நடக்காது.

ஓபன்டூன்ஸ் அப்படிப்பட்டது. இத்தாலியின் டிஜிட்டல் வீடியோ நிறுவனம் உருவாக்கிய டூன்ஸ் மென்பொருளை ஜப்பானின் ஸ்டூடியோ ஜிப்லி தன் படங்களுக்குப் பயன்படுத்தியது. 2016 மார்ச்சில் ஜப்பானிய நிறுவனமான துவாங்கோ அதைத் திறந்த மூலமாக வெளியிட்டது. இதில் வெக்டர் நிலை என்ற ஒன்றைத் திறந்து வரைந்தால் ஒவ்வொரு கோடும் நடுத்தடமாகவும், அதன் கட்டுப்பாட்டுப் புள்ளிகள்தோறும் தடிமனாகவும் சேமிக்கப்படுகிறது. பம்ப் என்ற கருவியால் கோட்டின் ஒரு பகுதியைத் தொட்டு இழுத்தால் அங்கே மட்டும் தடிக்கும். பிஞ்ச் கருவி கோட்டைக் கிள்ளி வளைக்கும். அயர்ன் கருவி சுருக்கங்களைத் தேய்த்துச் சமனாக்கும். மூடாத எல்லைகளைத் தானே மூடிக்கொண்டு நிறம் நிரப்பும். இவ்வளவு இருந்தும் தனிப்படம் வரைபவர்கள் இதை அண்டாததற்குக் காரணம் அதன் முகம்தான். திறந்தவுடன் காட்சி, நிலை, எக்ஸ்ஷீட் என்று அசைபடக் கூடத்தின் சொற்களும் சாளரங்களும் எதிர்நிற்கின்றன. ஒற்றைப் படம் வரைய வந்தவர் முதல் நாளிலேயே மிரண்டு திரும்பிவிடுவார். இதிலிருந்து பிரிந்த தஹோமா2டி அந்த முகத்தைக் கொஞ்சம் எளிமைப்படுத்த முயல்கிறது.

பிளெண்டரின் கிரீஸ் பென்சில் இன்னொரு வழி. முப்பரிமாண மென்பொருளுக்குள் குறிப்பெழுதும் பென்சிலாகத் தொடங்கி, 2019இல் வந்த 2.80 பதிப்பில் தனித்த வரைகருவியாக வளர்ந்தது. 2024 நவம்பரில் 4.3 பதிப்பில் அடியோடு மாற்றி எழுதப்பட்டது. 2019இலேயே வெளிவந்த பிரெஞ்சு அசைபடமான ‘ஐ லாஸ்ட் மை பாடி’ இதைக் கொண்டே தன் கோடுகளை வரைந்தது. இங்கே கோடு பெசியே வளைவாக இல்லாமல் நெருக்கமான புள்ளிகளின் தொடராக இருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் தனித் தடிமன், தனி அடர்த்தி. நோடுகளை இழுப்பதற்குப் பதில் சிற்பம் செதுக்குவதுபோல் பிரஷ்ஷால் கோட்டைத் தள்ளலாம், தடிக்கச் செய்யலாம், மழுமழுப்பாக்கலாம். கைக்கு இது மிகவும் இயல்பாக வருகிறது. 2.93 பதிப்பிலிருந்து எஸ்விஜியாகவும் பிடிஎஃப்பாகவும் வெளியே எடுக்கலாம். ஆனால் எஸ்விஜியின் பழைய வரம்பு இங்கும் வந்து நிற்கும்: தடிமன் மாற்றம் வேண்டுமென்றால் நிரப்பிய வடிவமாக வரும், நடுத்தடம் வேண்டுமென்றால் தடிமன் ஒரே அளவாகிவிடும். பிளெண்டரைக் கற்கும் உழைப்பும் சிறியதல்ல. ஏற்கெனவே பிளெண்டர் தெரிந்தவருக்கு இதைவிட நல்ல தெரிவு இல்லை. தெரியாதவர் கோட்டோவியத்துக்காக மட்டும் அதற்குள் நுழைவது வீண்சுமை. சின்ஃபிக் என்ற மற்றோர் அசைபட மென்பொருளிலும் தடிமன் மாறும் கோடு உண்டு. அது வடிவங்களை அசைப்பதற்கென அமைந்தது, கையால் வரைய வசதிப்படாது.

கிருதா வெக்டர் மென்பொருள் அல்ல. ஆனால் இந்தப் பேச்சில் அதைத் தவிர்க்கவும் முடியாது. கேடிஇ குழுவின் இந்த ஓவிய மென்பொருளில் கோட்டைச் சீராக்கும் நிலைப்படுத்தி, இலவசமாகக் கிடைப்பவற்றில் மிகச் சிறந்தது. எடையிட்ட மென்மை, முழு நிலைப்படுத்தல் என்று படிநிலைகளும் உண்டு. 2018இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து அதன் வெக்டர் லேயர்கள் எஸ்விஜி முறைக்கு மாறின. புதியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: வெக்டர் லேயரில் கிருதாவின் புகழ்பெற்ற பிரஷ்கள் இயங்குவதில்லை. பாதைக் கருவியும் கேலிகிராபி கருவியும்தான் இயங்கும். கட்டணம் கொடுத்து வாங்கும் கிளிப் ஸ்டூடியோவில் பிரஷ்ஷால் போட்ட கோடே வெக்டராக நிற்பதைப் பார்த்துவிட்டு, அதையே எதிர்பார்த்துக் கிருதாவுக்கு வருபவர்கள் பலர்.

ஆகவே கிருதாவில் புள்ளிப்படமாக வரைந்து, பிறகு வெக்டராகத் தடம் எடுப்பது பரவலான இடைவழி. ஏ4 தாளை 600 டிபிஐயில் திறந்தால் 4960க்கு 7016 புள்ளி. கறுப்பு வெள்ளைக் கோட்டுக்கு அது போதும். தடம் எடுக்க இங்க்ஸ்கேப்பிலேயே உள்ளமைந்திருக்கிறது பீட்டர் செலிங்கர் எழுதிய போட்ரேஸ். சிறு அழுக்குப் புள்ளிகளை நீக்கும் அளவு, மூலைகளை எவ்வளவு உருட்டுவது என்ற அளவு, நோடுகளை ஒடுக்கும் அளவு என மூன்றே திருகுகள். மூலைகளை உருட்டும் அளவை மிகுத்தால் விரல் நகங்கள் உருண்டையாகிவிடும். குறைத்தால் கன்னத்தில் முனை தட்டும். போட்ரேஸ் தருவது எப்போதும் நிரப்பிய வடிவமே. நடுத்தடம் வேண்டுவோருக்காக 1.0 பதிப்பில் ஆட்டோட்ரேஸ் முறையும் சேர்க்கப்பட்டது. அதில் தடிமன் வேறுபாடு தொலைந்துவிடும், கோடு கூடுமிடங்களில் சிறு கொக்கிகளும் முளைக்கும். தடித்த கோட்டுப் படங்களுக்கும் தாளில் மையால் வரைந்து ஸ்கேன் செய்தவற்றுக்கும் போட்ரேஸ் வழி மிக நன்றாக ஒத்துவருகிறது. பின்னாளில் கோடு கோடாகத் திருத்த வேண்டிய படத்துக்கு இது உதவாது.

இனி, காசு வாங்காத ஆனால் மூலநிரல் திறக்காத மென்பொருள்கள். இவற்றில் இப்போது பெரியது அஃபினிட்டி. செரிஃப் நிறுவனம் ஒரே முறை விலைக்கு விற்றுவந்த இதை, 2024இல் அந்நிறுவனத்தை வாங்கிய கேன்வா 2025 அக்டோபர் இறுதியில் இலவசமாக்கியது. கேன்வா கணக்கு ஒன்று இருந்தால் போதும். செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்கு மட்டும் சந்தா. கோட்டின் அழுத்த வளைவைத் தனியே ஒரு சிறு வரைபடமாகத் திறந்து திருத்தும் வசதியும், நோடு எத்தனை குவிந்தாலும் வேகம் குறையாத இயக்கமும், அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறமும் இதன் பலம். கருவியளவில் ஒப்பிட்டால் இங்க்ஸ்கேப்பைவிடக் கைக்கு இதமானது. லினக்ஸில் வராது; கோப்பு வடிவம் மூடியது.

கோப்பு மூடியது என்பதைச் சிறு குறையாக ஒதுக்கிவிட முடியாது. கிராவிட் டிசைனர் என்ற மென்பொருள் இலவசமாகவே வளர்ந்தது. 2018இல் கோரல் நிறுவனம் அதை வாங்கிய பின் பெயரும் மாறிக் கட்டணமும் வந்தது. ஐபேடில் வெகுவாகப் பரவிய வெக்டர்நேட்டர் 2023இல் லினியாரிட்டி கர்வ் என்று பெயர் மாற்றிக்கொண்டு சந்தா முறைக்குப் போனது. ஒரு நிறுவனம் இலவசமாகக் கொடுத்ததை அதுவே திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். பத்தாண்டு கழித்தும் திறக்க வேண்டிய படங்களை வைத்திருப்பவர், எதில் வரைந்தாலும் எஸ்விஜி பிரதி ஒன்றைத் தனியே எடுத்துவைப்பதே பாதுகாப்பு. இங்க்ஸ்கேப்பின் மெத்தனங்களைப் பொறுத்துக்கொண்டு அதிலேயே தங்கிவிடுபவர்களின் கணக்கும் இதுதான்.

மற்றவை சுருக்கமாக. லிப்ரேஆபீஸ் டிரா அம்புக்குறி வரைபடங்களுக்கு உகந்தது, கோட்டோவியத்துக்கு அல்ல. ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டு உலாவியிலேயே ஓடும் கிராஃபைட் திறந்த மூலத் திட்டம். செயல்களைக் கணுக்களாகக் கோக்கும் அதன் முறை புதுமையானது, ஆனால் இன்னும் வளர்பருவத்தில் இருக்கிறது. ஃபிக்மா, பென்பாட் இரண்டும் செயலித் திரைகளை வடிவமைக்க வந்தவை.

பேனாவும் டேப்லெட்டும் இல்லாமல் இந்த ஒப்பீட்டில் பாதி பொருளற்றது. மவுஸுக்கு அழுத்தம் கிடையாது. மவுஸ் மட்டுமே உள்ளவருக்குப் பென் கருவியும் பவர்ஸ்ட்ரோக்கும் போதும், அசைபட மென்பொருள்களின் நயம் அவருக்குப் பயன்படாது. டேப்லெட் இருந்தும் இங்க்ஸ்கேப்பில் கோடு தடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றே: திருத்து பட்டியலில் உள்ளீட்டுச் சாதனங்கள் என்ற சாளரத்தைத் திறந்து, பேனாவுக்கு எதிரே ‘முடக்கம்’ என்றிருப்பதைத் ‘திரை’ என்று மாற்ற வேண்டும். அதைச் செய்யாதவர்கள் மென்பொருளையே பழிக்கிறார்கள். ஆண்ட்ராய்ட் டேப்லெட் மட்டும் வைத்திருப்பவருக்குக் கிருதா கிடைக்கிறது, இங்க்ஸ்கேப் இல்லை.

சித்திரக்கதைக்குப் பேச்சுக் குமிழ் எழுதுவோர் தமிழ் எழுத்தையும் சோதித்துக்கொள்ள வேண்டும். யூனிகோட் எழுத்துருவில் ‘கொ’, ‘ஸ்ரீ’ போன்றவை இங்க்ஸ்கேப்பில் சரியாகக் கூடி அமைகின்றன. கிருதாவில் 2023இன் 5.2 பதிப்புக்குப் பிறகு எழுத்தமைப்பு தேறியது. அஃபினிட்டியின் இரண்டாம் பதிப்பு வரை இந்திய மொழி எழுத்துகள் பிரிந்தும் இடம் மாறியும் வந்தன. வேறிடத்தில் எழுதி வடிவமாக மாற்றிக் கொண்டுவந்து ஒட்டுவதே வழியாக இருந்தது.

கடைசிப் படி அச்சகம். இங்க்ஸ்கேப் திரையின் ஒளி நிறங்களிலேயே இயங்குகிறது. அதன் பிடிஎஃப்பில் உள்ள கறுப்பு, அச்சகத்தில் நான்கு மைகளின் கலவையாக மாறிவிடும் வாய்ப்பு அதிகம். தட்டுகள் மயிரிழை விலகினாலும் மெல்லிய கோட்டின் ஓரத்தில் சிவப்போ நீலமோ தலைகாட்டும். கோட்டோவியத்துக்கு இதைவிடக் கேடில்லை. படத்தைப் பக்க அமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸில் வைத்து, நிறத்தை நூறு விழுக்காடு தனிக் கறுப்பாக மாற்றிப் பிடிஎஃப் எடுத்தால் தீரும். கிருதாவோ அஃபினிட்டியோ என்றால் அங்கேயே சாம்பல் நிற முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். தமிழ்நாட்டு அச்சகங்கள் பலவற்றில் கோப்பு கடைசியில் கோரல்டிராவில்தான் திறக்கப்படும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பவர்ஸ்ட்ரோக்கையோ பிற பாதை விளைவுகளையோ அங்கே திருத்த முடியாது, எழுத்துருவும் அங்கிருக்காது. அனுப்பும் பிரதியில் கோடுகள், எழுத்துகள் எல்லாவற்றையும் வெறும் வடிவங்களாக மாற்றி, கால் பாயிண்டுக்கும் மெலிந்த கோடு எங்கும் இல்லை என்று பார்த்துவிட்டு, நடுத்தடங்களோடு உள்ள மூலக் கோப்பை வேறு பெயரில் வைத்துக்கொள்வது வழக்கம்.